கை அவளுடையது, தெரிவு எவனுடையது?

அன்பின் பெயராற் செய்யப்படும் அநியாயங்களுக்கு உலகிலே குறைவில்லை. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இவ்வாரம் எழுத முற்பட்டோம். ஐக்கிய அமெரிக்காவிலே கணவன்மார் பலர், மனைவியின் உயிருக்குக் காவலாக ஒரு கைத்துப்பாக்கியை வாங்கிப் பரிசளிக்கின்றனர். பிறந்தநாளுக்குச் சேலையும் நகையும் கொடுப்பது போலத் துப்பாக்கியும் கொடுக்கப்படுகின்றது. கடைக்குச் செல்பவன் கணவன். தூக்கிப் பார்ப்பவன் கணவன். விலை பேசுபவனும், இதுவே நல்லது என்று முடிவு கட்டுபவனும் அவனே. பெட்டியைத் திறந்து பார்க்கும் வரையில், உள்ளே இருப்பது எது என்பது அதைப் பிடிக்கவேண்டியவளுக்குத் தெரியாது.

கை அவளுடையது. ஆபத்து வரும் இரவிலே நடுங்கப்போவது அவளுடைய விரல். குறி தவறினால் மாளப்போவதும் அவளே. தெரிவு மட்டும் இன்னொருவனுடையது! இதனைப் பாதுகாப்பு என்று நாம் ஏற்கமாட்டோம். இது காவலின் தோற்றமேயன்றிக் காவலன்று. ஆபத்து வேளையிலே இல்லாத காவலை நம்பியிருப்பதிலும், காவலே இல்லையென்று அறிந்து விழிப்பாயிருப்பது எத்தனையோ மடங்கு மேலானது.

அமெரிக்காக்காரனின் துப்பாக்கியைப் பற்றி வன்னிக் கமக்காரனுக்கும் கொழும்புச் சட்டத்தரணிக்கும் என்ன கவலை என்று கேட்பார் இருக்கலாம். நம்மவரின் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டிலே வைத்தியராயும், பொறியியலாளராயும், கணக்காளராயும் குடும்பத்தோடு வாழ்கின்றனர். இங்கே வளர்ந்தபோது துப்பாக்கியைக் கையாற் தொட்டறியாதவர்கள் அங்கே அதனைக் கடையிலே காய்கறி போல அடுக்கி வைத்திருக்கக் காண்கின்றனர். நமது தீவிலே 1916ஆம் ஆண்டின் சுடுகலக் கட்டளைச் சட்டம் நிற்கின்றது. அனுமதிப் பத்திரமின்றி ஒருவன் துப்பாக்கி வைத்திருக்க இயலாது. அங்கோ, வீட்டிலே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதனின் உரிமை என்று அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 2008ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தது. வெளியிலே கொண்டு செல்வதும் உரிமையே என்று 2022ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தது. அரசு விலகி நிற்க, முழுப் பொறுப்பும் குடும்பத்தின் தலையிலே வந்து விழுகின்றது. ஆகவே குடும்பம் எவ்வாறு முடிவு செய்கின்றது என்பதே அங்கு உயிர் காக்கும் கேள்வி. உயிர் போக்கும் கேள்வியும் அதுவே.

சிறு கைக்குச் சிறு துப்பாக்கியாம்!

கடைக்காரர் பலரும் கணவர் பலரும் மந்திரம் போல ஓதும் வாசகம் ஒன்றுண்டு. பெண்ணின் கை சிறியது. ஆகவே துப்பாக்கியும் சிறியதாயிருக்கவேண்டும். பெண்ணின் உடல் மெல்லியது. ஆகவே துப்பாக்கியும் பாரமற்றதாயிருக்கவேண்டும். கேட்பதற்கு இது நியாயம் போலத் தோன்றும். உண்மையோ நேர்மாறானது.

துப்பாக்கி வெடிக்கும்போது ரவை முன்னே பாய்கின்றது. அதே உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகின்றது. இது நியூற்றன் வகுத்த விதி. கடைக்காரனின் சாமர்த்தியத்தினால் இதனை மாற்ற இயலாது. துப்பாக்கி பாரமாயிருந்தால் அவ்வுந்தத்தை வாங்கிக்கொண்டு மெல்ல அசையும். பாரமற்றதாயிருந்தால் வேகமாகப் பின்னே பாய்ந்து உள்ளங்கையைத் தாக்கும். ஒரே தோட்டாவை, பாதி எடையுள்ள துப்பாக்கியிலே இட்டுச் சுட்டால், கை ஏற்கவேண்டிய உதையின் சக்தி இரு மடங்காகும். பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி எடுத்த நமது கமக்காரருக்கு இதை நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. பாரமான இரட்டைக் குழற் துப்பாக்கியிலும், மெலிந்த ஒற்றைக் குழற் துப்பாக்கியே தோளை மோசமாக இடிக்கும் என்பதை அவர் தோள் அறியும்.

இனி, பெண்களுக்கென்று அதிகமாகச் சிபாரிசு செய்யப்படும் கருவியைப் பார்ப்போம். அது ஐந்து தோட்டாக் கொள்ளும், மூக்குக் குட்டையான றிவோல்வர். ஸ்மித் அன்ட் வெசன் கம்பனியார் 1950ஆம் ஆண்டிலே வெளியிட்ட சிறிய றிவோல்வரே இந்த வகைக்கு வழிகாட்டி. உருக்கினாற் செய்யப்பட்டபோது அதன் எடை அரைக் கிலோகிராமிலும் சற்று அதிகம். அதன் உடலை அலுமினியக் கலவையினால் அமைத்தபோது எடை ஏறக்குறைய 425 கிராமுக்கு இறங்கியது. இன்னும் விலையுயர்ந்த உலோகங்களைக் கொண்டு ஏறக்குறைய 330 கிராம் எடைக்கும் இறக்கிவிட்டனர். எடை இறங்க இறங்க விலை ஏறுகின்றது; கைக்கு வரும் அடியும் ஏறுகின்றது. கூடிய விலை கொடுத்துக் கூடிய வலியை வாங்கி மனைவிக்குக் கொடுப்பவனை அன்பன் என்பதா, அறியாதவன் என்பதா?

உதை மாத்திரமன்று. இவ்வகை றிவோல்வரின் விசையை ஒரே இழுப்பிலே இழுத்துச் சுடுவதற்கு ஏறக்குறைய 5 கிலோகிராம் பலம் வேண்டும். துப்பாக்கியின் எடையோ அதிலே பத்திலொரு பங்கு. விரல் அத்தனை பலத்தோடு இழுக்கும்போது, கையிலே பாரமில்லாத அக்கருவி அசையாதிருக்குமா? குழலின் நீளம் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. குறி பார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடைத்தூரம் குறைந்தால், கண்ணுக்குத் தெரியாத சிறு பிசகும் இலக்கிலே பெரும் பிசகாகிவிடும். இத்தனை குறைகளையும் ஒருங்கே கொண்ட கருவி, நெடுங்காலம் பயின்ற கைக்கு உரியதேயன்றிப் புதிதாய்ப் பழகுவோருக்கு உரியதன்று. அந்த வல்லவர் தமது காற்சட்டைப் பையிலே மறைத்து வைப்பதற்காக விரும்பியதையே, முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொடும் பெண்ணின் கையிலே கொடுக்கின்றனர். நீச்சல் பழக வருபவளைக் கரையோரத்திலே இறக்காது பாக்குநீரிணையின் நடுவிலே தள்ளிவிடுவது போன்றது இது.

றிவோல்வர் வேண்டாமென்று, தோட்டாவே சிறியதாயுள்ள பைத்துப்பாக்கிக்குத் தாவுவோரும் உளர். அங்கும் அதே பொறிதான் காத்திருக்கின்றது. 380 என்னும் தோட்டா சிறியதே. ஆனால் அத்தோட்டாவுக்கென்று 2008ஆம் ஆண்டிலே றூகர் கம்பனியார் வெளியிட்ட சிறு பிஸ்டலின் எடை ஏறக்குறைய 270 கிராம் மாத்திரமே. இரண்டு விரல் பிடிக்கும் பிடியும், இத்தனை சிறிய எடையும் சேரும்போது, சிறு தோட்டாவும் கையைக் கடிக்கின்றது. தோட்டாவைப் பார்த்தால் மட்டும் போதாது. அதை ஏந்தி நிற்கும் பாரத்தையும் பார்க்கவேண்டும்.

வலியிலே பிறக்கும் தோல்வி

இதன் விளைவை வாசகர்கள் படிப்படியாக ஆராய்ந்து பார்க்கவேண்டும். பரிசு பெற்றவள் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துச் செல்லப்படுகின்றாள். முதல் வேட்டிலே கை சுளுக்கினாற் போல நோகின்றது. காதிலே இடி விழுகின்றது. கைத்துப்பாக்கியின் ஓசை 140 டெசிபெல் என்னும் எல்லையைத் தாண்டுவது, காப்பில்லாத செவியைப் பழுதாக்கவல்லது. இரண்டாம் வேட்டுக்கு முன்னரே, வரப்போகும் அடியை எண்ணிக் கை தானாகவே இறுகித் துப்பாக்கியின் மூக்கைக் கீழே சாய்த்துவிடுகின்றது. ரவை நிலத்தை நோக்கிப் போகின்றது. இது கோழைத்தனமன்று, அடிபடும் உடல் தன்னைக் காக்கும் இயல்பு. ஆனால் ஒருமுறை படிந்துவிட்ட இந்தப் பழக்கத்தை அழிக்க மாதங்கள் செல்லும். பத்து வேட்டிலே அவள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுகின்றாள். “பெண்களுக்கு இது சரிவராது” என்று பக்கத்திலே நிற்பவன் சிரிக்கின்றான். அன்றோடு துப்பாக்கி அலுமாரிக்குள்ளே போகின்றது; பயிற்சி முடிந்துபோகின்றது.

தோற்றவள் அவளா? இல்லை. தோற்றது அவனது தெரிவு. ஆனால் பழி முழுவதும் அவள்மீதே சுமத்தப்படுகின்றது. பொருந்தாத நுகத்தைப் பூட்டிவிட்டு, எருது உழ மறுக்கின்றது என்று அடிப்பவனுக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு?

கட்டுப்படுத்த இயலாத துப்பாக்கி பயனற்றது மாத்திரமன்று, அது ஆபத்தானதுமாகும். கைத்துப்பாக்கியின் ரவை அமெரிக்க வீடுகளின் மெல்லிய பலகைச் சுவரை ஊடுருவிச் செல்லும். கள்வனுக்குக் குறி வைத்தது அடுத்த அறையிலே உறங்கும் குழந்தையைத் தேடிச் செல்லும். குறி தவறிய ஒவ்வொரு ரவைக்கும் எங்கோ ஓரிடம் உண்டு. ஆகவே கைக்கு இதமாயிருப்பது, கட்டுக்கு அடங்கியிருப்பது என்பவை ஆடம்பரமல்ல. இதமில்லாத இடத்திலே பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாத இடத்திலே கட்டுப்பாடு இல்லை. கட்டுப்பாடு இல்லாத இடத்திலே காவல் இல்லை.

இளஞ்சிவப்பு வர்ணமும் வியாபாரமும்

வியாபாரிகள் இதை அறியாதவர்களா? பெண்களைக் குறிவைத்து விற்பது அவர்களுக்குப் புதிய தொழிலன்று. ஸ்மித் அன்ட் வெசன் கம்பனியார் 1902ஆம் ஆண்டு தொடக்கம் 1921ஆம் ஆண்டு வரையில் ‘லேடிஸ்மித்’ என்ற பெயரிலே ஒரு சின்னஞ்சிறு றிவோல்வரை விற்றனர். அப்பெயரையே 1989ஆம் ஆண்டிலே மீண்டும் எடுத்துக்கொண்டனர். பின்னர் வந்தவர்கள் துப்பாக்கிப் பிடிக்கு இளஞ்சிவப்பு வர்ணம் பூசினர், பூவேலை செய்தனர். வர்ணம் உதையைக் குறைக்குமா? பூவேலை விசையை இளக்குமா? பெண்ணின் பெயரைப் பொறித்துவிட்டால் பெண்ணின் கைக்கு அளந்ததாகுமா? ஒன்றுமில்லை. பெண்ணுக்கு என்ன தேவை என்று கேட்பதற்குப் பதிலாக, பெண் எப்படி இருக்கவேண்டும் என்று தாம் எண்ணுவதையே விற்கின்றனர். வாங்குபவனும் கணவனாகையால், அவன் கண்ணுக்கு அழகாயிருந்தாற் போதுமல்லவா?

நியாயத்தையும் சொல்லவேண்டும். தொழிலாளர் எல்லாரும் ஒருபடித்தானவர் அல்லர். 1990களின் பிற்பகுதி தொடக்கம், பிடியின் பின்பாகத்தைக் கழற்றிச் சிறியதாகவும் பெரியதாகவும் மாற்றக்கூடிய பிஸ்டல்கள் வரலாயின. இது உண்மையான உதவி. பிஸ்டலின் மேற்பாகத்தைப் பின்னே இழுத்துத் தோட்டாவை ஏற்றுவதற்கு விரற்பலம் போதாதவர்களுக்காக, ஸ்மித் அன்ட் வெசன் கம்பனியாரே 2018ஆம் ஆண்டிலே இழுப்பதற்கு இலகுவான 380 பிஸ்டல் ஒன்றை வெளியிட்டனர். அதன் எடையும் அரைக் கிலோகிராமைத் தாண்டியது. பிடியும் கை நிறைந்தது. மூட்டு வாதத்தினால் விரல் வலுவிழந்த முதியோருக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், இது பயன்பட்டது. கைக்கு அளந்து செய்தால் முடியும் என்பதற்கு இவையே சான்று. முடிந்ததைச் செய்யாது வர்ணம் பூசுவதையே நாம் கண்டிக்கின்றோம்.

“பெண்ணாற் பிஸ்டலின் மேற்பாகத்தை இழுக்க முடியாது, ஆகவே றிவோல்வரே கதி” என்று சொல்வோரின் வாதமும் பெரும்பாலும் சொத்தை வாதமே. பிஸ்டலை உடம்போடு அணைத்து, ஒரு கையால் மேற்பாகத்தை இறுகப் பற்றிக்கொண்டு, மறு கையால் பிடியை முன்னே தள்ளவேண்டும். அப்போது வேலை செய்வது விரலன்று, தோளும் மார்புமே. முறையைக் கற்பிக்காதவன் பலமில்லை என்று தீர்ப்புச் சொல்கின்றான். நடுத்தர அளவுப் பிஸ்டலுக்கு உதாரணமாக, 1988ஆம் ஆண்டிலே வெளிவந்த குளொக் 19 என்பதைக் கொள்ளலாம். வெறுமையாக அதன் எடை ஏறக்குறைய 600 கிராம். விசைக்கு வேண்டிய பலம் ஏறக்குறைய 2½ கிலோகிராம். மேலே சொன்ன றிவோல்வருக்கு வேண்டியதிலே பாதி. வெடிக்கும்போது மேற்பாகம் பின்னே சென்று வருவதனால் உதை ஒரே அடியாக விழாது சற்றுப் பரந்து விழுகின்றது. இது எல்லார் கைக்கும் பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. பெரியது என்று பயந்து ஒதுக்கியதே பலருக்கு இலகுவானது, சிறியது என்று விரும்பி வாங்கியதே கடினமானது என்பதையே எடுத்துக் காட்டுகின்றோம்.

யாரிடமிருந்து காவல்?

இதுவரை கருவியைப் பற்றிப் பேசினோம். இனிக் கருவியிலும் பெரிதான ஒன்றைக் கேட்கின்றோம். மனைவிக்கு யாரிடமிருந்து காவல் வேண்டும்? பரிசளிக்கும் கணவனின் மனக்கண்ணிலே எப்போதும் நிற்பவன், இருட்டிலே யன்னலை உடைத்துவரும் அந்நியன். கணக்குகளோ வேறு கதை சொல்கின்றன.

கொடுமை செய்யும் கணவனோ காதலனோ துப்பாக்கியை எட்டக்கூடிய நிலையில் இருக்கும்போது, பெண் கொலையுண்ணும் அபாயம் ஐந்து மடங்கு கூடுவதாக, அமெரிக்க நகரங்கள் பலவற்றிலே நடத்தப்பெற்று 2003ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. கலிபோர்னியா மாநிலத்திலே, கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்வோரைப் பற்றிய பெரும் ஆராய்ச்சியொன்று 2022ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. துப்பாக்கியில்லாத வீட்டினரோடு ஒப்பிடும்போது, அவர்கள் தம் வாழ்க்கைத் துணையாற் சுட்டுக் கொல்லப்படும் வீதம் ஏழு மடங்கு என்று அது கண்டது. அவ்வாறு மாண்டவர்களில் 84 வீதத்தினர் பெண்கள். மனம் நொந்த வேளையிலே கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பது எத்தனை கொடியது என்பதை 2020ஆம் ஆண்டின் இன்னோர் ஆராய்ச்சி காட்டிற்று. கைத்துப்பாக்கி உடைய பெண்கள் துப்பாக்கியாற் தம்முயிரை மாய்த்துக்கொள்ளும் வீதம், அஃதில்லாத பெண்களின் வீதத்திலும் 35 மடங்கு. இவை தொடர்பைக் காட்டும் கணக்குகளேயன்றி, ஒவ்வொரு வீட்டிலும் இதுவே நடக்கும் என்று விதிக்கும் கணக்குகளல்ல. அஞ்சி வாழ்வோரே அதிகமாகத் துப்பாக்கி வாங்குவதும் உண்டு. ஆயினும், வீட்டுக்குள்ளே வரும் துப்பாக்கி வாசலை மாத்திரம் நோக்கி நிற்பதில்லை என்பதை மறுக்க எவராலும் இயலாது.

அமெரிக்கச் சட்டமே இதனை ஒப்புக்கொள்கின்றது. மனைவியை அச்சுறுத்தியமைக்காக நீதிமன்றக் கட்டளைக்கு உட்பட்டவன் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்று 1994ஆம் ஆண்டிலே சட்டம் செய்தனர். குடும்ப வன்முறைக்காகச் சிறு குற்றத் தீர்ப்புப் பெற்றவனுக்கும் 1996ஆம் ஆண்டிலே அத்தடையை விரித்தனர். 1994ஆம் ஆண்டுத் தடை அரசியலமைப்புக்கு ஏற்றதே என்று 2024ஆம் ஆண்டிலே அதியுயர் நீதிமன்றம் எட்டு நீதியரசர்களின் சம்மதத்தோடு தீர்ப்புக் கூறியது. ஒருவரே மறுத்து நின்றார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. கொலராடோ மாநிலத்துக் காசில் றொக் நகரம் சம்பந்தப்பட்ட வழக்கிலே, பாதுகாப்புக் கட்டளையைப் பொலிசார் அமுல் செய்யத் தவறியமைக்காக அரசியலமைப்பின் பேரால் நகரத்தின் மீது வழக்காட ஒரு பெண்ணுக்கு உரிமையில்லை என்று 2005ஆம் ஆண்டிலே தீர்ப்பாயிற்று. நீதிமன்றத்தின் கட்டளை கையில். பொலிசாரின் உதவி நிச்சயமில்லை. அயல்வீடு கண்ணுக்கெட்டாத பண்ணையிலே, பழைய கணவனின் மிரட்டலுக்கு அஞ்சித் தனியே வாழும் ஒரு பெண், தன் காவலுக்குத் துப்பாக்கி வேண்டும் என்று தானே முடிவு செய்தால், அவளைப் பார்த்துப் புள்ளிவிபரம் படிக்க நமக்கு வாயில்லை. அவள் அறிந்த ஆபத்தை அவளே அறிவாள். அப்படிப்பட்டவளுக்கு விளையாட்டுப் பொருள் போன்ற கருவியை விற்பது இரட்டைத் துரோகம். அவளுக்கு வேண்டியது, அவள் கைக்கு அடங்குவதும், அவள் நம்பிச் சுடக்கூடியதுமான கருவி.

இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தால் முடிவு ஒன்றே. வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியும் அவளுடையது. எது வேண்டும் என்ற கேள்வியும் அவளுடையது. பெட்டியின் சாவியும் அவளுடையது. மனைவியின் பெயரால் வாங்கித் தன் மேசை இழுப்பறையிலே வைத்திருப்பவன், தனக்கே இன்னொரு துப்பாக்கி வாங்கியவன் ஆவான். அதற்குப் பரிசு என்று பெயர் சூட்டுவது பொய்.

செய்யவேண்டியது என்ன?

கண்டிப்பதோடு நின்றுவிட நாம் விரும்பவில்லை. அங்கு வாழும் நம்மவருக்கு, வழியையும் சொல்லுகின்றோம்.

முதலாவது, துப்பாக்கிக்கு முன்னர் கதவைப் பாருங்கள். உறுதியான பூட்டும், வாசல் விளக்கும், குரைக்கும் நாயும், கூப்பிட்டால் வரும் அயலவனும் எவர் உயிருக்கும் உலை வைப்பதில்லை. இவற்றைச் செய்யாது துப்பாக்கி வாங்குவது, வேலியடையாது வயலிலே வெருளி நாட்டுவதாகும்.

இரண்டாவது, அவளே விரும்பினால், வாங்குமுன் அவளே சுட்டுப் பார்க்கட்டும். அந்நாட்டின் பயிற்சிக் கூடங்கள் பலவற்றிலே துப்பாக்கிகளை வாடகைக்கு எடுத்துச் சுடலாம். நாலைந்து வகையையாவது அவள் கையிலே எடுத்துப் பார்க்கவேண்டும். பிடித்த கை முன்னங்கையோடு நேராக நிற்க, சுட்டுவிரலின் முதற் கணு வளையாது நெளியாது விசையிலே படியவேண்டும். படியாவிட்டால் அது அவள் துப்பாக்கியன்று. கடைக்காரன் என்ன சொன்னாலும், கணவன் எவ்வளவு ஆசைப்பட்டாலும் அன்று.

மூன்றாவது, கற்பிப்பவன் கணவனாயிருத்தலாகாது. கார் ஓட்டக் கற்பித்த கணவன்மாரைக் கேட்டால் காரணம் விளங்கும். தகுதி பெற்ற பயிற்றுநரிடம், இயலுமானாற் பெண் பயிற்றுநரிடம், உதை மிகக் குறைந்த 22 தோட்டாவிலே தொடங்கவேண்டும். செவிக்குக் காப்பு, கண்ணுக்குக் காப்பு முதல் நாளிலேயே அணியவேண்டும். ஐம்பது வேட்டுச் சுட்ட பின்னும் கை நோகாதிருக்கவேண்டும். ஐந்து மீற்றர் தூரத்திலே தொடர்ந்து சுடும் ஐந்து ரவைகளும் விரித்த கையளவு வட்டத்துக்குள்ளே அடங்கவேண்டும். தோட்டாவை ஏற்றவும், இறக்கவும், சிக்கினால் எடுக்கவும் பிறர் உதவியின்றி அவளால் முடியவேண்டும். இச்சோதனையிலே தேறும் துப்பாக்கியே அவளுக்குரியது. அது எந்தக் கம்பனியாயினும் நமக்குக் கவலையில்லை.

நான்காவது, விலையைக் கணக்கிடும்போது துப்பாக்கியின் விலையோடு நிற்கவேண்டாம். பயிற்சிக்கு வேண்டிய தோட்டாவின் விலையையும், பயிற்றுநரின் கூலியையும், உறுதியான பூட்டுப் பெட்டியின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இவற்றுக்குப் பணமில்லையென்றால் துப்பாக்கிக்கும் பணமில்லை என்பதே பொருள்.

ஐந்தாவது, கைப்பையிலே போட்டுத் திரிவதற்கென்று வாங்காதீர்கள். கைப்பை மேசையிலே கிடக்கும். கடை வண்டியிலே கிடக்கும். குழந்தை இனிப்புத் தேடிக் கைவிடும் முதலிடம் தாயின் கைப்பையே. குழந்தைகள் அவ்வாறு துப்பாக்கியை எடுத்த துயரங்கள் அந்நாட்டிலே நடந்திருக்கின்றன. பூட்டில்லாத துப்பாக்கி யாருடைய துப்பாக்கியுமாகிவிடும்.

ஆறாவது, மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. வாங்குவது, கைமாற்றுவது, வைத்திருப்பது, கொண்டு செல்வது ஒவ்வொன்றுக்கும் அவ்வம்மாநிலச் சட்டத்தை அறிந்த ஒருவரிடம் கேட்டறிந்த பின்னரே அடியெடுத்து வையுங்கள். தற்காப்பு என்ற சொல் சட்டத்தின் முன் எல்லாவற்றையும் மன்னிக்கும் மந்திரமன்று.

அளந்து கொடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்

பனையேறும் தொழிலாளியின் தளைநாரை அவன் காலுக்கே அளந்து கட்டுகின்றோம். அயலவனின் காலுக்கு அளந்து கட்டுவதில்லை. ஏனெனில் மரத்தின் உச்சியிலே தொங்கப்போவது அவன் உயிர். மண்வெட்டிக்குப் பிடி போடும்போது, பிடிக்கப்போகிறவனின் உயரத்தைப் பார்க்கின்றோம். மனைவிக்கு மூக்குக் கண்ணாடி வாங்கப் போகும் எந்தக் கணவனும், அதைத் தன் கண்ணிலே மாட்டிப் பார்த்து, “எனக்கு நன்றாகத் தெரிகின்றது” என்று வாங்கிவருவதில்லை. அப்படி வாங்கிவந்தால் ஊர் சிரிக்கும். கண்ணுக்கு உள்ள மரியாதை உயிருக்கு இல்லையா?

பெண்ணைக் காப்பது ஆணின் கடமை என்று மேடையேறி முழங்குவோர் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. காப்பதாகச் சொல்லி அவளுக்காகத் தாமே நினைத்து, தாமே தெரிந்து, தாமே பூட்டி வைப்பவர்கள், அவளைக் காக்கவில்லை; அவளது சிந்தனையை அபகரித்துக்கொள்கின்றனர். ஆபத்து வரும் நாளிலே கணவன் வீட்டில் இல்லாமலிருக்கலாம். இல்லாத நாளுக்கென்றுதானே துப்பாக்கி வாங்கப்பட்டது! அந்நாளிலே தனியே நின்று முடிவு செய்யவேண்டியவளை, கடையிலே ஒரு பொருளைத் தெரிவதற்குக்கூடத் தகுதியற்றவளாக நடத்துவது எந்த நியாயம்? ஒரு நொடியிலே உயிரையும் சாவையும் தீர்மானிக்கும் பொறுப்பை அவள் கையிலே வைப்பவன், கைப்பிடியின் அளவைத் தீர்மானிக்கும் உரிமையை அவளிடமிருந்து பறிக்கலாமா?

ஆகவே நாம் சொல்லுவது இது. அவள் வேண்டுமென்றால் அவள் கைக்கு அளந்து, அவள் தெரிந்ததை, அவள் பயின்றதை, அவள் பூட்டிலே வையுங்கள். அவள் வேண்டாமென்றால் வாங்காது விடுங்கள். அவளுக்குத் தெரியாமல் வாங்கி, அவளாற் பிடிக்கமுடியாததைக் கொடுத்து, அதனைக் காவல் என்று சொல்லி ஏமாற்றாதீர்கள், உங்களையும் ஏமாற்றிக்கொள்ளாதீர்கள்.